எங்கள் குடும்பத்தில் விவாகரத்து கிடையாது

மருமகளை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இன்ஸ்பெக்டர் சார். 'தாயி' என்றுதான். உங்களுக்குப் புரிவதற்காக நாகஜோதி என்கிறேன்.

என் மகன் விமல் கல்யாணமான மறுவருடம் மெல்போர்னுக்குப் படிக்கப் போனான். படிப்பு முடிந்தது, நிரந்தரமாகத் தங்க வழியில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டினால் பி.ஆர். கிடைக்கும் என்றார் ஏஜென்ட். அங்கேயே வளர்ந்த ஜெபா அவன்மேல் பிரியமாக இருந்தாள். ஆனால் இவன் கல்யாணமானவன் என்பது விசா விண்ணப்பத்திலேயே இருந்தது. நாகஜோதி இங்கே ராஜபாளையத்தில் எனக்கு இட்லி அவித்துக்கொண்டிருந்தாள்.

விவாகரத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் அதற்காகக் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. மனைவி இறந்துபோவது அப்படியல்ல. அதில் யாருக்கும் கேவலமில்லை.

இறப்புச் சான்றிதழ் வாங்கித் தந்தவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகுட்டிக்காரர். ஜெபாவுக்குக் காட்ட ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸும் வேண்டும் என்றான் விமல். எங்கள் தெருவில் கட்டினால் தெரிந்தவர்கள் மாலையோடு வந்துவிடுவார்கள். அதனால் கிருஷ்ணன்கோவிலில், காலேஜ் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், பத்து நிமிடம் கட்டிப் போட்டோ எடுத்தோம். படத்தைத் தேர்ந்தெடுத்தவள் நாகஜோதி. கயிற்றின் மறுமுனையைப் பிடித்தவளும் அவளே.

அங்கிருந்த பூக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, ஒன்ன உரிச்சு வச்ச மாதிரில்லா இருக்கா!"

"எங்க அக்கா," என்றாள் நாகஜோதி.

"பாவம், எம்புட்டு லட்சணம். அவ புருஷன் என்ன பாடு படுதானோ."

அந்த ஃப்ளெக்ஸை விரித்துத்தான் இப்போது மொட்டைமாடியில் வற்றல் காயப்போடுகிறாள்.

அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பி.ஆர். வந்ததும் விமல் ஜெபாவை விட்டுவிட்டு உன்னை அழைத்துக்கொள்வான் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அத்த, நான் செத்த பொறவு அவிய எனக்குப் போன் போடலாமா?"

"ஞாயித்துக்கிழம மட்டும் போடுவான், தாயி."

இரண்டரை வருடம் தவறாமல் போட்டான்.

போன மாதம் பி.ஆர். வந்தது. ஜெபாவுக்கு இது ஏழாவது மாதம். "இப்படியே இருக்கட்டும்மா" என்றான் விமல். நாகஜோதியிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். மறுநாளே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். ரேஷன் கார்டில்கூடப் பெயர் இல்லாதவளை உட்கார வைத்துப் புகார் வாங்கினீர்களாம். நல்ல மனசு.

அவன் அவளை அழைத்துக்கொள்ள மாட்டான் என்பது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தெரியும். பெற்றவளுக்குப் பிள்ளையின் மனசு தெரியாதா? அதற்காக அவளைத் தெருவில் விட்டுவிடவில்லையே. என்னோடேயே இருக்கட்டும், எனக்கும் முட்டிவலி.

வேறு நல்ல இடமாகப் பார்த்து அவளுக்குக் கட்டி வைத்திருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் வயதில் சின்னவர். புருஷன் உயிரோடு இருக்கும்போது அது எப்படி முறையாகும், சார்?