வலி நின்ற பிறகு

கப்பலில் சாப்பாடு நன்றாகவே இருந்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சாம்பார், ரசம், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. கப்பல் ஆடும்போது தட்டு நழுவாமலிருக்க மேஜைமேல் ஈரத்துணி விரித்திருப்பார்கள். எனக்கே பழகச் சில நாள் ஆகும். செல்வி முதல் நாளே பழகிக்கொண்டாள்.

முழுப்பெயர் ஆரோக்கியசெல்வி. என்னிடம் ஆராய்ச்சி செய்த மாணவி, கூட்டேரிப்பட்டுக்காரி. நான் ஓமந்தூர். எங்களுக்கு அங்கே நிலம் உண்டு. அவள் அம்மா குப்பம்மாள் அந்தப் பக்கத்து நிலங்களில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிறவர். இதையெல்லாம் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவளைக் கப்பலில் அழைத்துப் போக அவர்கள் வீட்டுக்கே போய் அனுமதி கேட்டேன். அங்கே தண்ணீர்கூட வாங்கிக் குடித்தேன்.

"பொம்பளப் புள்ளைய கடலுக்கு அனுப்பிச்சிட்டு நான் எப்பிடி சார் தூங்குவேன்? கரையே தெரியாத எடத்துல மாசக்கணக்கா இருப்பீங்களாமே" என்றார் அந்த அம்மா.

"நான் இருக்கேன்ல. பாத்துக்கிறேன்" என்றேன்.

எங்கள் வேலை கடலடியில் வெந்நீர் ஊற்றுகளைத் தேடுவது. தரை பிளந்து, கரும்புகை போலக் கொதிநீர் கிளம்பும் இடங்கள் அவை. சூரியனைக் காணாத உயிர்கள் அதைச் சுற்றி வாழும். காமிரா பொருத்திய இயந்திரம் ஒன்றைக் கம்பிவடத்தில் கட்டிக் கீழே இறக்குவோம். அது அள்ளிவரும் சேற்றைச் செல்வி சல்லடையில் அலசுவாள். "நாத்தம் அப்பிடியே எங்க ஊர் ஏரி மாதிரியே இருக்கு சார்" என்று சிரிப்பாள்.

இந்த முறை நீரின் வெப்ப அளவு எங்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. என் வேலைக்காலம் முழுக்க நான் தேடிய இடம். காற்று அடங்கியிருந்தது. அது சில நாள்தான் அடங்கியிருக்கும். அடுத்த பயணம் நான் ஓய்வுபெற்ற பிறகு.

அப்போதுதான் செல்விக்கு வயிற்றுவலி வந்தது.

கப்பலின் டாக்டர் தேவநாதன் வயதானவர், நல்லவர். அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"குடல்வால் மாதிரி தெரியுது சார். இங்க ஆபரேஷன் பண்ண முடியாது. இப்பவே திரும்பினா மூணு நாள்ல கரை. கேப்டன்கிட்ட சொல்லிடட்டுமா?"

கொஞ்சம் பொறுங்கள் என்றேன். செல்வியின் அறைக்குப் போனேன். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் அதட்டவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நிலைமையை எடுத்துச் சொன்னேன். ஒரு பெண்ணுக்காகக் கப்பல் திரும்பினால் இனி எந்தப் பெண்ணையும் ஏற்ற யோசிப்பார்கள். அதுவும் உன் மாதிரி கஷ்டப்பட்டு மேலே வந்த பெண்ணை. மாதாமாதம் வருகிற வலிதான் என்று டாக்டரிடம் சொல்லிவிடு.

"தப்பாயிடுமா சார்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது."

அவள் அப்படியே சொன்னாள். டாக்டர் அரைமனதாக ஒப்புக்கொண்டு, மருந்து மட்டும் கொடுத்தார்.

அன்று ஞாயிறு, வீட்டுக்குப் பேசும் நாள். அம்மாவைப் பயமுறுத்தாதே என்று சொல்லி, சாட்டிலைட் போனை நானே அவள் காதில் பிடித்துக்கொண்டேன். "நல்லாருக்கேம்மா. சாப்டேன். மல்லாட்டை புடுங்கி முடிச்சிட்டீங்களா? நீ வெயில்ல நின்னுக்கினு இருக்காத" என்றாள். குரல் நடுங்கவே இல்லை. கெட்டிக்காரப் பெண்.

மறுநாள் காலை போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தாள். "வலி நின்னுடுச்சி சார். திடீர்னு சட்டுனு நின்னுடுச்சி."

இந்த இடத்தை நான் கவனமாகச் சொல்ல வேண்டும். என் தங்கை கவிதாவுக்குத் திண்டிவனத்தில் இதே வலி வந்து, இதேபோலச் சட்டென்று நின்றது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அங்கிருந்த டாக்டர் ஓடிவந்தார். குடல்வால் உள்ளே உடைந்தால் சற்று நேரம் வலி தெரியாது, அதற்குள் சீழ் பரவிவிடும் என்று சொல்லி, அந்த நிமிஷமே அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார். கவிதா பிழைத்தாள். ஆகவே எனக்குத் தெரியும்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். டாக்டர் எதிரே வந்தார்.

"எப்பிடி இருக்கா?"

"ராத்திரியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சிடுச்சு. இப்பதான் தூங்கறா, எழுப்பாதீங்க."

அவர் திரும்பிப் போனார். நான் இயந்திரத்தை இறக்கச் சொன்னேன்.

பிற்பகலில் திரையில் ஊற்று தெரிந்தது. கருப்பாகப் பொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை வெளேரென்று இறால்கள். எல்லோரும் கைதட்டினார்கள். என் கண் கலங்கிவிட்டது. படத்தைச் செல்விக்குக் காட்டலாமென்று போனேன். உடம்பு கொதித்தது, வயிறு பலகையாக இறுகியிருந்தது. "நல்லா வந்திருக்கு சார்" என்றாள். அதன்பிறகு நானேதான் கேப்டனிடம் போய்க் கப்பலைத் திருப்பச் சொன்னேன். யாரும் வற்புறுத்தவில்லை.

கரை கண்ணில் படுவதற்கு முன்பே போய்விட்டாள். உடலைக் குளிர் அறையில் வைக்க வேண்டியிருந்ததால் மாதிரிகளை வெளியே எடுத்தோம். அதில் சில கெட்டுவிட்டன. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

உடலோடு கூட்டேரிப்பட்டுக்கு நானும் போனேன். குப்பம்மாள் அழவில்லை. "ஞாயித்துக்கெழம பேசுனாளே சார். நல்லாருக்கேன்னாளே" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். புதிதாகக் கிடைத்த இறால் வகைக்கு அவள் பெயரை வைக்கப்போவதைச் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

இப்போது தேவநாதன் மேல் வழக்கு என்கிறார்கள். அவரும் தன் தப்புதான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அது நியாயமில்லை. அதற்காகத்தான் யாரும் கூப்பிடாமலே விழுப்புரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான் பொய் சொல்லிப் பழகியவன் அல்ல.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்தே செய்தேன். அவள் செத்துவிடுவாள் என்று தெரிந்துதான் அந்தக் கதவைச் சாத்தினேன். ஆனால் வஞ்சம் எதுவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் அவள் வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவளாக இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். என் மகளை நான் கப்பலில் ஏற்றியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.