பூட்டை உடைக்கத் தெரிந்தவர்களும் பூட்டுக்கு வெளியே நிற்பவர்களும்

என் பேச்சைப் பொறுத்துக்கொள்வதற்கென்றே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பேசி முடித்த நிம்மதியில் சாய்ந்திருக்கும் சான்றோர்களே! பேசப்போகும் பதற்றத்தில் என்னை முறைக்கும் நண்பர்களே! வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, "இந்த ஆளும் நீட்டி முழக்கப்போறானா?" என்று முணுமுணுக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் என் கூப்பிய கரங்கள் வணங்குகின்றன.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, "கொள்ளைப் படங்கள் நம் உள்ளத்தைக் கொள்ளை கொள்வது ஏன்?" திரைப்பட ரசிகர் மன்றத்தில் என்னைவிடத் தகுதியானவர் பலர் உண்டு. ஆனால், அந்தப் படங்களைப் பார்த்து நாசமாய்ப் போனதில் எனக்கு இணை யாரும் இல்லை!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கொஞ்ச நேரம்தான்.

என் அக்கா தையற்கடை வைத்திருந்தாள். நான்கு தையல் இயந்திரங்கள், மூன்று பெண்கள், ஓயாத கடகடச் சத்தம். கணவனை இழந்தவளுக்கு அந்தக் கடகடப்புதான் துணை, அதுதான் சோறு. ஒரு நாள் கட்டட உரிமையாளர் கடைக்கதவில் புதுப்பூட்டைத் தொங்கவிட்டார். "கட்டடத்தை வித்துட்டேன். உள்ள இருக்கிறதும் சேர்த்துத்தான்" என்றார். காவல் நிலையத்துக்குப் போனாள். "கோர்ட்டுக்குப் போம்மா" என்றார்கள். கோர்ட்டுக்குப் போனாள். "அப்புறம் வாம்மா" என்றார்கள். அப்புறமும் போனாள். அப்புறத்துக்கும் ஒரு அப்புறம் இருந்தது!

அப்போது எழுந்தான் என் மச்சினன். தொழிலில் பல் வைத்தியன், ஞாயிறுதோறும் என்னோடு உட்கார்ந்து கொள்ளைப் படம் பார்ப்பவன். "மாமா, நம்ம பொருளை நாமளே எடுப்போம். எத்தனை படம் பாத்திருக்கோம்!" என்றான். என் மனைவி, "பல்லைப் புடுங்கத் தெரியும்னா பூட்டைப் புடுங்கத் தெரியுமாடா?" என்றாள். அன்று பேசிய ஒரே அறிவாளி அவள்தான்.

"எப்படி எடுக்கப் போறீங்க தம்பி?" என்று அக்கா கேட்டாள். மச்சினன் உதட்டில் விரலை வைத்தான். "சொல்லக்கூடாதுக்கா. படத்துல கவனிச்சிருக்கீங்களா? திட்டத்தை முன்னாடியே விளக்கிச் சொன்னா, அது கண்டிப்பா சொதப்பும். சொல்லாம மறைச்சாதான் ஜெயிக்கும்."

அவையோரே, எண்ணிப் பாருங்கள்! உண்மைதானே? இதோ ஒருவர் தலையாட்டுகிறார். ஐயா, நீங்களும் எங்களோடு வந்திருக்க வேண்டியவர்!

ஆகவே யாருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. வாடகைக்குப் பிடித்த சரக்கு வண்டியின் டிரைவரிடம் மட்டும் மச்சினன், "முன்வாசல்ல நில்லு. தொப்பி போட்டவங்க வருவாங்க. ஏத்தச் சொன்னதை ஏத்து, போகச் சொன்ன இடத்துக்குப் போ. கேள்வி கேக்காதே" என்றான். தொப்பி போட்டவர்கள் நாங்கள்தான். பின்பக்க ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, முன்கதவின் கீல்களை உள்ளிருந்து கழற்றித் திறப்பது எங்கள் திட்டம். இது டிரைவருக்குத் தெரியாது.

பட்டப்பகல். பின்சந்தில் நாங்கள். ஜன்னலில் மச்சினனின் முன்பாதி உள்ளே, பின்பாதி என் தோளில். அவன் முனகுகிறான், நான் தள்ளுகிறேன். பின்னறைக் கதவுக்கு அப்பால், கடைக்குள்ளே தடதடவென்று சத்தம் கேட்கிறது. "பாத்தீங்களா மாமா! டிரைவர் நமக்கு முன்னாடியே வேலையை ஆரம்பிச்சுட்டான். கெட்டிக்காரன்!" என்கிறான் பாதி மனிதன்.

ஒருவழியாக உள்ளே விழுந்து, கடைக்குள் ஓடினோம். இயந்திரங்கள் இல்லை. தூசு படிந்த தரையில், அவை நின்ற இடங்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. கட்டித் தழுவிக்கொண்டோம்! குதித்தோம்! நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "எடுத்துட்டோம்க்கா!" மறுமுனையில் அவள் அழுதாள். கணவன் இறந்த பிறகு, அவள் மகிழ்ச்சியில் அழுததை அன்றுதான் கேட்டேன்.

பிறகு டிரைவர் அழைத்தான்.

"அண்ணே, இறக்கியாச்சு. தொப்பிக்காரங்க சாவியோட வந்தாங்க, வண்டி காலியான்னு கேட்டாங்க. நான் கண்ணடிச்சேன். ஒரு கீறல் விழல, சாக்கு சுத்தி நானே தூக்கி வச்சேன்."

"எங்கடா இறக்கின?"

"கட்டடத்தை வாங்கின புது ஓனர் வீட்டு ஷெட்டுலதான். பலே ஆளுங்கண்ணே நீங்க! திருடினதை அவர் வீட்டுலயே ஒளிச்சு வைக்கிற யோசனை வேற யாருக்கு வரும்!"

சிரிக்கிறீர்களா? நானும் இந்த இடத்தில் சிரிக்க வைக்கத்தான் பழகியிருக்கிறேன். ஆனால், அதன்பின் நான் அக்கா வீட்டுக்கு நடந்தேனே, அந்த நடையை எந்தப் படத்தில் காட்டினார்கள்? கட்டிலை வெளியே போட்டு, கூடத்தைக் கழுவி, இயந்திரங்களுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். தையல் பெண்கள் மூவரும் வந்து நின்றார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்களிடம், "நீங்க வேற இடம் பாத்துக்கங்கம்மா" என்றாள். தனியாகக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினாள்.

இன்று ஏதோ ஒரு கம்பெனியில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கிறாள். யாரோ ஒருவருடைய இயந்திரத்தில்.

போன ஞாயிறு எங்களோடு படம் பார்க்க உட்கார்ந்தாள். திரையில் பெட்டகத்தைத் திறக்க ஒருவன் காதை வைத்துக் கேட்கிறான், ஒருவன் கயிற்றில் தொங்குகிறான், ஒருவன் வியர்வையில் குளிக்கிறான். அக்கா கேட்டாள்: "ஏன்டா, இவனுங்க எடுக்கிறதுக்கு இவ்வளவு பாடு படுறானுங்களே, நம்மகிட்ட எடுக்கிறது மட்டும் ஏன்டா இவ்வளவு சுலபமா இருந்துச்சு?"

அவையோரே! தலைப்புக்கு விடை அதுதான்! நாம் திருடனை ரசிக்கவில்லை. திருட்டு கடினமாக இருப்பதை ரசிக்கிறோம்! அந்த இரண்டரை மணி நேரம், ஒரு பொருளை எடுக்க அறிவு வேண்டும், துணிவு வேண்டும், உயிரைப் பணயம் வைக்க வேண்டும். நம்மிடம் எடுக்க என்ன வேண்டும்? கயிறு வேண்டுமா? முகமூடி வேண்டுமா? நள்ளிரவு வேண்டுமா? ஒரு பூட்டுப் போதும்! ஒரு "அப்புறம் வாம்மா" போதும்! ஏற்றிச் செல்ல நம் வண்டியே போதும்! நாம் பாதுகாக்கப்பட்ட பெட்டகமாக இருக்க ஏங்குகிறோம் ஐயா! திறந்த வீடாக அல்லவா கிடக்கிறோம்!

தலைவர் மணியை அடிக்கிறார். நம்பிக்கையாக ஏதாவது சொல்லி முடிப்பது மேடை மரபு. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வழக்கு நடக்கிறது. ஷெட்டில் இயந்திரங்கள் துருப்பிடிக்கின்றன. அக்கா நாளை காலை வேலைக்குப் போவாள்.

இவ்வளவையும் காது கொடுத்துக் கேட்டதற்குக் கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனைத் தவிர என்னிடமிருந்து எடுத்துச் செல்ல ஏதுமில்லை. வணக்கம்.