கேடயத்தின் வலது

கொடியை எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் இஸ்திரி போட வேண்டும். முன்பக்கம் சூடு பட்டால் நீலம் வெளுத்துவிடும். என் மனைவி அல்முட் ஐம்பது ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறாள். விழா மலருக்காக எங்கள் ஊராட்சிச் சின்னத்தின் கதையைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன், காபியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிராமங்களை இணைத்து லூடர்பெக் ஊராட்சி ஆக்கிய ஆண்டில் புதிய சின்னம் தேவைப்பட்டது. நான் அலுவலக எழுத்தர். சின்னங்களின் விதிகளை முறையாகப் படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். ஏழு வரைவுகள் கொடுத்தேன். பெயர்ப்பலகை எழுதும் டீட்லெஃப் ஹார்ம்ஸ், மதுக்கடையில் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டையில் ஒரு நாரையைக் கிறுக்கினார். மன்றம் நாரையை எடுத்துக்கொண்டது.

"உன் ஏழுலயும் படிப்பு இருக்கு ஹின்ரிக். இதுல நம்ம ஊர் இருக்கு," என்றார் தலைவர்.

எனக்கு வருத்தமில்லை. ஒரு பிழையை மட்டும் சுட்டிக்காட்டினேன். சின்னம் வரையும் கேடயத்தில் வலது என்பது அதைப் பிடித்திருப்பவனின் வலது. எதிரே நின்று பார்க்கும் நமக்கு அது இடது. பறவை அந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும். டீட்லெஃபின் நாரை மறுபக்கம் பார்த்தது. விதிப்படி அது புறமுதுகிட்ட நாரை. மன்றமே சிரித்தது. அதன்பிறகு மதுக்கடையிலிருந்து யார் தள்ளாடி வந்தாலும், "ஹின்ரிக்கோட வலதுல போறான்பா" என்பார்கள்.

முதல் கொடியைத் தைத்தவள் அல்முட். என் வரைவுகள் ஏழையும் பார்த்து "நல்லாருக்கு" என்றவள், நாரையின் கண்ணைத் தைத்து முடித்ததும் ஊசியைக் கீழே வைத்தாள்.

"இது என்னையே பாக்குதுங்க."

அளவு பார்க்க டீட்லெஃப் வாரம் இரண்டு முறை வந்தார். அவள் வெண்ணெய்க் கேக் சுட்டாள். எனக்கும் ஒரு துண்டு வைத்திருப்பாள்.

ஜூன் மாதம் தீயணைப்பு நிலையச் சுவரில் அவர் நாரையைப் பெரிதாக வரைந்தார். சாரத்தின் மேல் அவர். கீழே நின்று கோணல் பார்த்துச் சொல்வது நான். முதல் நாளே அவர் வலதும் என் வலதும் முட்டிக்கொண்டன.

"யோவ், மனுசன் மாதிரி பேசுய்யா. நான் பீர் பிடிக்கிற கை எதுவோ அதான் வலது. சரியா?"

சரி என்றேன். அது எங்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. வேறு யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மதியம் அவர் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது தீயணைப்பு வண்டியை வெளியே எடுப்பதற்காக, சாரத்தின் ஒரு முனையில் பலகையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்கள். சுவரைப் பார்த்து நிற்பவருக்கு வலக்கைப் பக்க முனை. மறுபடி கட்ட மறந்துவிட்டார்கள். நான் சுவரடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீட்லெஃப் திரும்பி வந்தார். சட்டையில் கேக் துணுக்கு ஒட்டியிருந்தது. மேலே ஏறி, நாரையின் கண்ணை எங்கே வைத்தால் சரியாக இருக்கும் என்று கேட்டார்.

"வலது பக்கம் ரெண்டு எட்டு," என்றேன்.

சுவரிலிருந்து பார்வையை எடுக்காமலே நடந்தார்.

நான் வலது என்று சொன்னதை மூன்று பேர் கேட்டிருந்தார்கள். ஹின்ரிக்கின் வலது எது என்பது ஊருக்கே தெரியும். பத்திரமான பக்கம்தான் போகச் சொல்லியிருக்கிறான், பாவம் டீட்லெஃப் குழம்பிவிட்டார் என்று காவலர் மரண அறிக்கையில் எழுதிக்கொண்டார். என் வலதைக் கேட்டு முதன்முறையாக யாரும் சிரிக்கவில்லை.

மீதி நாரையை நான்தான் வரைந்து முடித்தேன். அல்முட் இஸ்திரி போடும்போது அருகில் உட்கார்ந்து பார்ப்பேன். கொடியின் பின்பக்கத்தில் நாரை சரியான திசையைப் பார்க்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். அன்று நான் சொன்னது பீர் பிடிக்கிற கையைத்தான். ஒன்றை மட்டும் பிழையில்லாமல் அச்சிடுங்கள். விதிப்படி பார்த்தால் அவர் விழுந்தது இடப்பக்கம். நான் சொன்னது வலது.