மதுரனுக்கு வேலை போகல்ல

ஓம் தம்பி, மதுரன்ட வீடுதான். நான் அவர்ர மனிசி, நிருஷா. அந்தக் கதிரையில இரிங்க. ஏறாவூரிலயிருந்து கிரான் வரைக்கும் இந்த வெயிலுக்குள்ளயா வந்தீங்க? தேத்தண்ணிக்குச் சீனி கூடவா?

ஷிஹான் நீங்கதானா? அவர் நெடுக உங்கட கதைதான். ஒரே கொம்பனிக்கு ரெண்டு பேரும் வீட்டிலயிருந்து புரோகிராம் எழுதுறீங்க, நேரில முகம் கண்டதில்ல. நல்ல சிநேகிதம்.

உள்ளுக்கு டிங்கெண்டுறது லெப்டொப்தான். இரிங்க, என்ன அவசரம்.

உங்கள வேலையால நிப்பாட்டிட்டாங்களா? எட்டுப் பேர்ல ஏழு பேரயுமா? இவர மட்டும் வச்சிரிக்காங்க எண்டா, அது எப்பிடியெண்டு கேக்க வந்தீங்க. சிரிக்கிறனெண்டு குறை நினைக்காதீங்க தம்பி.

ஒரு வருசமா அவருக்கும் அந்தப் பயம்தான். சோத்தப் பிசைஞ்சுபோட்டு யோசிச்சிட்டு இரிப்பார். ஏஐ வந்திட்டு, எங்கள விட்டிருவாங்க எண்டு. போனாப் போகட்டும், அப்பாட வயல் வட்டையில வேளாண்மை செய்வமெண்டு சொன்னன். கேட்டாத்தானே. தான் எழுதினது, ஆக்களுக்குப் போட்ட மெசேஜ், எல்லாத்தயும் குடுத்து அந்த ஏஐக்கே தன்ட வேலையப் பழக்கினார். தனக்கு ஏலாத நாளைக்கு அது தன்னப்போல செய்யுமாம். காலையில ஒரு பட்டன அமத்தினாச் சரி. எனக்கும் காட்டித் தந்தவர். ஓ எல் சோதினையோட படிப்ப விட்டவளுக்கும் ஏலும், றைஸ் குக்கர் போடுற மாதிரித்தான்.

காலைக் கூட்டத்துக்கு அவர் கமராவும் போடுறேல்ல, கதைக்கிறதும் இல்ல, சிக்னல் சரியில்லயெண்டு எழுதித்தானே பதில் சொல்லுறவர். இப்ப பாருங்களன், லீவு கேக்கிறேல்ல, ஆரோடயும் சண்டைக்குக் கொளுவுறேல்ல. அப்பிடிப்பட்ட ஆள ஆர் நிப்பாட்டுவாங்க?

நேற்று அவர்தான் வரச் சொன்னவரா? வேலை போனா என்ன, வீட்ட வா, நிருஷாட மாங்காச் சம்பலோட சோறு தின்னுவம் எண்டா? அப்பிடியேவா எழுதியிரிக்கி?

நான் எழுதல்ல தம்பி. பட்டன் அமத்துறதோட என்ட வேலை சரி.

வேணாம், கதவத் திறக்காதீங்க. அறைக்குள்ள ஆளில்ல. போன மாசம் ஒருநாள் காலையில நெஞ்சு நோகுதெண்டார். ஆட்டோவக் கூப்பிடுறன், ஆசுபத்திரிக்குப் போவமெண்டன். நிப்பாட்டுற ஆக்கள்ர பேர இண்டைக்குத்தான் கூட்டத்தில சொல்லுவாங்க, முடியட்டும் எண்டுபோட்டு, பட்டன அமத்திட்டு மேசையில தலைய வச்சவர். அண்டைக்கு ஒருத்தர்ர பேரும் சொல்லல்லயாம். நான் போய்த் தட்டி எழுப்புறன், கை குளிர்ந்துபோய்க் கிடக்கு, ஸ்கிரீன்ல கூட்டத்துக்கு அவர்ர பேரில எழுதிக் கிடக்கு, என்ட பக்கம் பிரச்சினை ஒண்டுமில்லயெண்டு.

குடிங்க, ஆறுது.

வாற சனிக்கிழமை அவருக்கு முப்பத்தொண்டாம் நாள். எங்கட ஆக்கள் அண்டைக்குச் செத்த ஆளுக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சுப் படைச்சு அமுது குடுக்கிறது. அதுவரைக்கும் ஆள் வீட்ட விட்டுப் போறேல்ல எண்டு சொல்லுவாங்க. நேற்று உங்களுக்கு மெசேஜ் போட்டது அதுவோ, அவரோ, எனக்குத் தெரியாது.

கொம்பனிக்குச் சொன்னா அந்த இடம் உங்களுக்குத்தான். எனக்கு விளங்குது, உங்களுக்கும் குடும்பம் இரிக்கி. சொல்லுங்க தம்பி, நான் ஒண்டும் நினைக்கமாட்டன். ஆனா சனி கழியட்டும். வேலையில இரிக்கிற மனிசனாவே சாப்பிட்டுப் போகட்டும்.