ஒரு பிள்ளை கொறவு

– டீச்சரே, டயரு கடைக்கு கதவு இல்லேண்ணாலும் தட்டிட்டுதான் உள்ள வரணும்.

– எதுல தட்டியது ஞானையண்ணே?

– அந்தா லாரி டயரு கிடக்குல்லா, அதுல தட்டுங்க. தட்டிட்டு, உள்ள வரலாமாண்ணு கேளுங்க. இங்கிலீஷுல.

– நான் இப்பமே உள்ளதான் நிக்கியேன்.

– அப்பம் வெளிய போயிட்டு வாங்க.

– இஞ்ச பாருங்க, அவிய வெயிலுல உதியன்குளங்கரையில இறங்கி நடந்து வந்திருக்காவ. ஒரு சோடா குடுக்காம என்ன கூத்து இது?

– நீ மிண்டாத இரி சுகுமாரி. நம்மளுக்கு அங்க சோடா தந்தாவளா?

– அது உள்ளதுதான். எனக்க பொன்னு டீச்சரே, ஒண்ணு வெளிய போயிட்டு வாங்க. இல்லேண்ணா இந்த மனுசன் இண்ணைக்கு முழுக்க இதையே சொல்லிட்டு இருப்பாரு.

– சரி. போறேன்... மே ஐ கம் இன்?

– எஸ். இரிங்க. அங்க இல்ல, அது நாற்காலி. நாற்காலி எனக்காக்கும். ஒங்களுக்கு அந்த ஸ்கூட்டர் டயரு.

– டயருல எங்ஙன இரிக்கியது? சேலையில கரி பிடிக்குமே.

– மேட்டு மேல உள்ள இங்கிலீஷ் ஸ்கூலுல எங்க ரெண்டு பேரையும் எல்.கே.ஜி பிள்ளைகளுக்க நாற்காலியிலயாக்கும் இருத்துனாவ. எனக்க முட்டு ரெண்டும் தாடையில வந்து முட்டுச்சு. இவ எழும்புனப்பம் நாற்காலியும் கூட எழும்பிச்சு.

– அத என்னத்துக்கு இப்பம் சொல்லுதிய?

– உள்ளதுதானடி. மேடம்மாரு சிரிச்சாவளா இல்லியா?

– ஞானையண்ணே, ஒங்க மோள் ஜோஸ்மிய அவிய எடுக்கல்லேண்ணு நீங்க போனுல சொன்னப்பமே எனக்கு சங்கடமாச்சு. ஆனா அதுக்கு நான் என்ன செய்வேன்? நான் நம்ம தமிழ் ஸ்கூலுக்க டீச்சர். நம்ம ஸ்கூலுல இன்டர்வியூ கிடையாது. ஒரு கல்வியாளர்ங்கிற நிலையில சொல்லுகேன், சின்னப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ வைக்கிறதே சமூக அநீதி.

– செரியாக்கும். அதான் பிள்ளைக்கு வேண்டாம், டீச்சருக்கு வைப்போம்ணு நினைச்சேன். ஒங்க ஸ்கூலுக்கு பிள்ள வேணும். எனக்கிட்ட பிள்ள உண்டு. அப்பம் தேர்வு வைக்கியது ஆரு?

– நீங்க.

– ஆங். ஒண்ணாம் கேள்வி. ஒங்களுக்க அப்பா என்ன படிச்சிருக்காரு?

– எனக்க அப்பா மரிச்சு போனாரு.

– நான் படிப்பாக்கும் கேட்டேன். எனக்க கிட்டயும் எனக்க அப்பன் எதுவரை படிச்சாருண்ணு கேட்டாவ. மூணாம் கிளாஸுண்ணு சொன்னேன். அந்த மேடம் அத எழுதக்கூட இல்ல. பேனாவ மூடி வச்சா.

– பி.ஏ., பி.எட்.

– கொள்ளாம். வீட்டுல என்ன பாஷை பேசுவிய?

– இங்கிலீஷ்.

– வீட்டுலயா?

– இல்ல... அது வாயில வந்துட்டு. தமிழுதான். அவரு கூட மலையாளமும் பேசுவேன்.

– நாங்க அங்க உள்ளத உள்ளபடி சொன்னோம் டீச்சரே. சண்டை தமிழுல, ஜெபம் மலையாளத்துலண்ணு. அதுக்கு அவிய ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டாவ.

– சுகுமாரி, நீயாவது சொல்லு. எனக்கு நேரமில்ல. நாளைக்கு கல்வி ஆப்பீஸ்ல இருந்து பிள்ளைகளுக்க தலை எண்ண ஆளு வரும். ஒரு பிள்ள கொறவு. ஒண்ணு கொறஞ்சா ஒரு கிளாஸு டிவிஷன் போவும். டிவிஷன் போனா நான் போவேன்.

– எங்க போவிய?

– ஒற்றசேகரமங்கலம் போவேன், இல்லேண்ணா அதுக்கும் மேல மலையில ஏதோ ஒண்ணு. அங்கயும் வேலை ஒழிவு இல்லேண்ணா வீடுதான். பாறசாலை முழுக்க நடந்துட்டேன். எல்லா வீட்டு முன்னாலயும் காலையில இங்கிலீஷ் ஸ்கூல் பஸ் வந்து நிக்கி. ஜோஸ்மி ஒருத்திதான் இந்த பஞ்சாயத்துல ஸ்கூலுல சேராத பிள்ள.

– கேட்டியளா? பாவம். சும்மா பேப்பருல ஒப்பு போட்டு குடுங்க. பிள்ளையும் எத்தன நாளு வீட்டுல இருந்து எனக்க தலையத் தின்னும்?

– தேர்வு பாதியில நிக்கப்பிடாது. இனி டீச்சர் சொல்லட்டும். ஒங்க ஸ்கூலுல என்ன விசேஷம்?

– மோளுக்கு புது பை உண்டு. குடை உண்டு. செருப்பு உண்டு. நாங்க டீச்சர்மாரு பைசா பிரிவு போட்டு வாங்கி வச்சிருக்கோம். வண்டி இல்லேண்ணா ஹெட்மாஸ்டருக்க ஸ்கூட்டர்லயே வந்து கூட்டிட்டு போவோம்.

– அவருக்க ஸ்கூட்டருக்கு பின் டயரு மொட்டையாக்கும். போன ஆழ்ச்சயே மாத்தணும்ணு சொன்னேன், கேக்கல்ல. அதுல எனக்க மோள் ஏற மாட்டா. பின்ன?

– மத்தியானம் சோறு. முட்டை, பால்.

– நீங்களும் அதத்தான் தின்னுவியளா?

– நாங்க வீட்டுல இருந்து கொண்டு வருவோம்.

– என்னத்துக்கு?

– அது பிள்ளைகளுக்கு உள்ளதுல்லா. நாம எடுக்கப்பிடாது.

– செரி. அடுத்தது. எழும்பி ஒத்தக் காலுல நில்லுங்க.

– என்னது?

– ஒத்தக் காலுல. எனக்க மோள நிக்க வச்சாவ. என்னத்துக்குண்ணு எனக்கும் அறிஞ்சூடா. ஒரு ஸ்கூலுக்கு அது வேணும் போல இருக்கு.

– ஞானையண்ணே, ஜங்ஷன்ல ஆளு போவுது.

– நிண்ணா நிக்கலாம், இல்லேண்ணா போலாம். அடுத்த ஆளு உண்டு. பக்கத்து ஸ்கூல் சாரு ஒருத்தரு ரெண்டு மட்டம் கூப்பிட்டாரு.

– பொய்யாக்கும் டீச்சரே. ஒருத்தரும் கூப்பிடல்ல.

– எடி, நீ எனக்க பக்கமா அவிய பக்கமா?

– நிக்கியேன். இந்தா நிக்கியேன். போருமா?

– சேலைய பிடிக்கலாம். சுவர பிடிக்கப்பிடாது. இனி அப்படியே நிண்ணுகிட்டு, ஒங்க ஸ்கூலுல எல்லாரும் சமம்ணு போனுல சொன்னியளே, அத விளக்குங்க.

– ஒரு கல்வியாளர்ங்கிற நிலையில சொன்னா... எல்லா பிள்ளைக்கும் ஒரே அளவு செருப்பு குடுத்தா அது சமத்துவம்.

– ஆடாதீங்க.

– ஆடல்ல. ஒவ்வொரு பிள்ளைக்க காலுக்கும் தக்கன செருப்பு குடுத்தா அது சமநீதி. எங்க பயிற்சியில இதத்தான் சொல்லித் தந்தாவ. எல்லாரும் எழும்பி நிண்ணு உறுதிமொழியும் எடுத்தோம்.

– ரெண்டு காலுலயா?

– ரெண்டு காலுல.

– அதாக்கும் அது எளுப்பமா இருந்திருக்கு. எலே, ஸ்கூட்டர அங்க நிறுத்துப்பா. காத்து இப்பம் அடிக்க முடியாது. இன்டர்வியூ நடக்குது. என்ன இன்டர்வியூவா? டீச்சர எடுக்கணுமா வேண்டாமாண்ணு பாக்கியோம். நீ வெளிய நில்லு.

– சிரிக்கான் பாருங்க அவன்.

– சிரிக்கட்டும் சுகுமாரி. எங்க ஸ்கூலுல படிச்ச பயலாக்கும் அவன். ஞானையண்ணே, கால மாத்திக்கிடலாமா?

– எனக்க மோளு கேட்டப்பம் அவிய சம்மதிக்கல்ல. நீங்க சொல்லுங்க. ஒங்க ஸ்கூலுல லாரிக்காரன் பிள்ளையும் உண்டு, டயரு ஒட்டியவன் பிள்ளையும் உண்டு. டாக்டருக்க பிள்ள உண்டா?

– டாக்டருக்க பிள்ள... இல்ல.

– பஞ்சாயத்து மெம்பருக்க பிள்ள?

– இல்ல. ஆனா கதவு எல்லாருக்கும் திறந்துதான் கிடக்குது.

– எனக்க கடையும் திறந்துதான் கிடக்கு. கதவே இல்ல. விமானம் வந்து காத்து அடிக்கியா?

– நீங்க போரும். டீச்சருக்க காலு விறைக்குது. இனி அந்தப் படம் ஒண்ணுதான் பாக்கி, அத கேட்டு முடியுங்க.

– ஆமா. படம். கடைசிக் கேள்வி. எனக்க மோளுகிட்ட ஒரு படத்த காட்டுனாவ. வெள்ளையா, உருண்டையா, அடியில ஒரு ஓட்டை. என்னண்ணு கேட்டாவ. அவ நல்லா பாத்துட்டு, மாடியில உள்ள தண்ணி டாங்குண்ணு சொன்னா.

– எனக்க பிள்ள பின்ன எத கண்டிருக்கு டீச்சரே? வெள்ளை அடிச்ச டாங்கு பக்கத்து வீட்டு மாடியில உண்டு. அதத்தான் சொன்னா. அதுக்கு அந்த மேடம் கண்ணாடிய கழத்தி மேசையில வச்சுட்டா.

– அது இக்ளூ. பனிக்கட்டியில கட்டுன வீடு. அதுல தப்பு சொன்னா அவிய அடுத்த படத்த காட்ட மாட்டாவ. அடுத்தது ஒட்டகச்சிவிங்கி. அது எளுப்பம், எந்தப் பிள்ளையும் சொல்லும். அந்த இக்ளூவுலதான் எல்லாரையும் தள்ளுகாவ.

– ஒட்டகச்சிவிங்கியா?

– என்ன ரெண்டு பேரும் இங்ஙன பாக்கிய?

– அடுத்தது ஒட்டகச்சிவிங்கிண்ணு ஒங்களுக்கு எங்ஙன அறியாம்?

– ஆரோ சொன்னாவ.

– எங்களுக்கு ஒட்டகச்சிவிங்கிய காட்டவே இல்லியே டீச்சரே.

– எங்களுக்கு காட்டுனாவ.

– எனக்க பொன்னு டீச்சரே, கால கீழ வைங்க.

– வைக்கல்ல. இருக்கட்டும். நிண்ணுகிட்டே சொல்லுதேன். கீழ வச்சா எனக்கு அழுகை வந்துரும்.

– ஆரு பிள்ளைய கொண்டு போனிய?

– எனக்க மோன். ஜித்தின். ஒங்களுக்கு மறுநாளாக்கும் எங்களுக்கு. ஒரு மாசம் வீட்டுல இங்கிலீஷுதான் பேசுனோம். அவரு குளிக்கப் போறதக்கூட இங்கிலீஷுல சொல்லிட்டு போனாரு. ஒத்தக் காலுல நிக்க காலையும் சாயங்காலமும் பழக்குனேன். அவன் நல்லா நிண்ணான். கொக்கு மாதிரி நிண்ணான்.

– பின்ன?

– இக்ளூவ பாத்து இட்டலிண்ணுட்டான்.

– இட்டலியா?

– பாதி இட்டலிண்ணான். எறும்பு தின்ன ஓட்டையும் இருக்குண்ணான்.

– பிள்ள நல்லாத்தான் பாத்திருக்கு. அதுக்கு எடுக்காம விட்டுட்டாவளா?

– அதுக்கு இல்ல ஞானையண்ணே. சிரிச்சாவ, ஆனா அத விட்டுட்டு ஒட்டகச்சிவிங்கிய காட்டுனாவ. பிறகு என்னப் பாத்து, அம்மாவுக்கு எங்க வேலைண்ணு கேட்டாவ. சொன்னேன். நம்ம தமிழ் ஸ்கூலுண்ணு. அந்த நேரம் வரைக்கும் எல்லாம் இங்கிலீஷுல கேட்ட மேடம், அத மட்டும் தமிழுல கேட்டா. “அங்கயா?” அவ்வளவுதான். ஒத்த வார்த்தை. பக்கத்துல இருந்த மேடமும் அதே மாதிரி திரும்பி பாத்தா. வீட்டுல படிப்புச் சூழ்நிலை இல்லேண்ணு எழுதி குடுத்துட்டாவ.

– ஒங்க வீட்டுலயா? பி.எட். படிச்ச வீட்டுலயா?

– ஆமா.

– எடி சுகுமாரி, சோடா எடு. சர்பத்து ஊத்தி எடு. டீச்சரே, கால வைங்க. இந்தா, நாற்காலியில இரிங்க. நான் டயருல இருந்துக்கிடுவேன்.

– அப்பம் தேர்வு?

– பாஸாக்கும். பாஸ் ஆகாத பின்ன? நம்ம ரெண்டு பேரும் ஒரே ஓட்டையில விழுந்த ஆளுக. எலே, ஸ்கூட்டர உள்ள தள்ளு. டீச்சர எடுத்தாச்சு.

– உள்ளதுதானா? ஜோஸ்மிய நாளைக்கு...

– காலையில நானே கொண்டு விடுவேன். ஹெட்மாஸ்டருக்க ஸ்கூட்டர் மட்டும் வரப்பிடாது.

– ஞானையண்ணே, நீங்க எனக்க வேலையக் காப்பாத்துனிய. நான் மோள பொன்னு போல பாப்பேன். ஒரு கல்வியாளர்ங்கிற நிலையில இல்ல, ஒரு அம்மாவா சொல்லுகேன். அவ அங்க நல்லா படிப்பா. எங்க ஸ்கூலுக்கு என்ன கொறவு? நல்ல கட்டடம், நல்ல டீச்சர்மாரு. கம்ப்யூட்டரும் உண்டு.

– இந்தா டீச்சரே, சர்பத்து குடியுங்க. ஒண்ணு கேக்கட்டா? ஜித்தின் இப்பம் எங்க படிக்கான்?

– வீட்டுல இருக்கான்.

– வீட்டுலயா? அவனுக்கும் ஜோஸ்மிக்கும் ஒரே வயசுல்லா?

– ஒரே வயசுதான். டியூஷன் வச்சிருக்கேன். அடுத்த வருஷம் திரும்பவும் மேட்டு ஸ்கூலுல ஒண்ணு பாப்போம்ணு அவரு சொல்லுகாரு. படமெல்லாம் வாங்கி ஒட்டியிருக்கோம். இக்ளூ மட்டும் நாலு சுவருலயும் உண்டு.

– அது இருக்கட்டும் டீச்சரே. இந்த பஞ்சாயத்துல சேராத பிள்ள ஜோஸ்மி ஒருத்திண்ணு நீங்கதான சொன்னிய? நாளைக்கு தலை எண்ணியதுக்கு ஒரு பிள்ளதான கொறவு?

– ஒண்ணுதான்.

– அப்பம் நீங்க பாறசாலை முழுக்க வெயிலுல என்னத்துக்கு நடந்திய? இஞ்ச வந்து லாரி டயருல தட்டி, ஒத்தக் காலுல என்னத்துக்கு நிண்ணிய? ஜித்தின கொண்டு சேத்தா தீந்துதே.

– எங்க சேக்கியது?

– ஒங்க ஸ்கூலுல டீச்சரே.

– அங்கயா?