‘குளிர்ந்தது’ என்று எழுதினேன்

உங்கள் விசாரணை அறிக்கை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துப் பிழைகூட இரண்டே இரண்டுதான். பதினான்காம் பக்கத்தை மட்டும் திருத்த வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். காபி வேண்டாம் சார், இப்போதுதான் குடித்தேன்.

அந்தப் பக்கத்தில், ‘எரிப்புத் திட்டத்தில் குறைபாடு, தணல் ஆறுவதற்கு ஒதுக்கிய மூன்று நாட்கள் போதவில்லை’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தை எழுதியவள் நான். மூன்று நாள் தாராளமாகப் போதும். ஏழு வருடங்களில் பத்தொன்பது முறை எரித்திருக்கிறோம், ஒரு பொறிகூட எல்லை தாண்டியதில்லை. இருபதாவது முறை மட்டும் ஏன் தாண்டியது என்று நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம். துக்க வீட்டுக்காரி, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள். உங்கள் நல்ல மனசு அது. ஆனால் அறிக்கை தப்பாகப் போய்விட்டது.

என் வேலை என்னவென்று பலருக்கும் தெரியாது. காட்டுக்குத் தீ வைக்கிறவள் என்பார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் எனக்குக் ‘கொள்ளிக்கட்டை மேடம்’ என்றே பெயர் சூட்டியிருந்தார். விஷயம் எளிது. கோடையில் காடு தானாகப் பற்றிக்கொண்டால் ஊரும் சேர்ந்து போகும். அதனால் ஈரமான, காற்று அடங்கிய நாளாகப் பார்த்து, சுற்றிலும் மண் தெரிய எல்லை வெட்டி, முழங்கால் உயரத் தீயில் சருகை மட்டும் நாங்களே எரித்துவிடுவோம். பிறகு எந்தத் தீ வந்தாலும் அங்கே தின்பதற்கு ஒன்றும் இருக்காது, பசியோடு படுத்துவிடும்.

எங்கள் ஊர் மேட்டின் உச்சியில் இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். சரிவு முழுக்கக் காடு, எரிப்பதற்காகப் பிளாக் பிளாக்காகப் பிரித்தது. வீடுகளை ஒட்டி ஐந்தாம் பிளாக், போன வருடம் எரித்தது. அதற்குக் கீழே ஒன்பதாம் பிளாக். புகை வரும் என்று சங்கம் அனுமதி தராததால் அங்கே பத்து வருடச் சருகு கிடந்தது. அதற்கும் கீழே எட்டாம் பிளாக். இந்த முறை திங்கட்கிழமை எரித்தது அதைத்தான்.

எரிப்பது பெரிய வேலை இல்லை. எரித்த பிறகு அடிமரக் கட்டைகளைத் தொட்டுப் பார்ப்பதுதான் வேலை. கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையை ஒவ்வொரு கட்டையின் மீதும் வைக்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போய் ஏமாற்றும், புறங்கை ஏமாற்றாது. சூடாக இருந்தால் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போடுவேன். பின்னால் தண்ணீர் லாரி வரும், குறி போட்டதையெல்லாம் தோண்டி நனைக்கும். எல்லாம் ஆறிய பிறகு படிவத்தில் ‘குளிர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வியாழன் காலை நான் போட்டேன்.

தண்ணீர் லாரி ஓட்டியவன் என் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். என்னை அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடுவான், அதே வாயால் ஓட்டுவான். எங்கள் அண்ணி காஸ் அடுப்பைப் பற்றவைக்கக்கூட முதலில் சமையலறையைச் சுற்றிக் குழி வெட்டச் சொல்வார் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். எனக்கும் சிரிப்புத்தான் வரும். இன்னொரு பழக்கமும் அவனிடம் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிய பிறகு, தன் பாட்டுக்கு ஒரு சுற்றுப் போய் எல்லாக் கட்டைகளையும் மறுபடி தொட்டுப் பார்ப்பான். அண்ணி மேல் சந்தேகம் இல்லை, எனக்குத் தூக்கம் வர வேண்டுமே என்பான். சில சமயம்தான் போவான். அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை சங்கக் கூட்டம். எரிப்பை நிரந்தரமாக நிறுத்துவது என்பதுதான் தீர்மானம். கொடியில் காயும் துணியில் சாம்பல் விழுகிறது, தொண்டை கமறுகிறது, இப்படி நிறையக் காரணங்கள். முந்தைய கூட்டத்தில் தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏழு வருஷமா இந்தப் பக்கம் தீயே வரலியேம்மா. அப்புறம் நீங்க எதுக்கு?”

சபை சிரித்தது. வராத தீயை எப்படிக் காட்டுவது? தலையெண்ணிப் பார்த்தேன், கூட்டத்தில் முக்கால்வாசி அவர் பக்கம். திட்டம் நின்றால் மூன்று நான்கு கோடைகளில் ஊர் போய்விடும். இது பயமுறுத்தல் இல்லை, கணக்கு.

செவ்வாய்க்கிழமை, எட்டாம் பிளாக்கின் மேல் எல்லையில் ஒரு கட்டையைத் தொட்டேன். சுட்டது. அதன் வேர் எல்லைக்கு அடியில் புகுந்து ஒன்பதுக்குள் போயிருந்தது. வேருக்குள் தணல் நத்தை மாதிரி நாள் கணக்கில் ஊர்ந்து போகும். காற்று அடித்தால் அந்தப் பக்கம் தலை தூக்கும். அன்று அறுபத்தொரு கட்டைகளுக்குக் குறி போட்டேன். அதற்குப் போடவில்லை.

வீட்டுக்குப் போய் நிதானமாகக் கணக்குப் போட்டேன். வியாழன் இரண்டரை மணிக்குக் காற்று என்று வானிலை அறிவிப்பு. தீ ஒன்பதில் எழும்பும், ஊரே மாடியில் நின்று பார்க்க மேலே ஓடி வரும், ஐந்தாம் பிளாக்கைத் தொட்டதும் அணையும். ஐந்தின் எல்லையிலிருந்து நாற்பது மீட்டர் உள்ளே வரும் என்று குறித்து வைத்தேன். நீங்கள் அளந்தபோது முப்பத்தைந்து என்று வந்திருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அது மிகச் சரி. ஒரு வீட்டு வேலிகூடக் கருகவில்லை. மறுநாள் தீர்மானம் ஒரு வாக்குக்கூடப் பெறாமல் விழுந்தது. ஒன்பதைப் போல எரிக்காமல் விட்ட மற்ற பிளாக்குகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்துட்டீங்கம்மா என்றார். இப்போது யாரும் என்னைக் கொள்ளிக்கட்டை என்பதில்லை.

ஒருவர் இறந்தது உண்மை. கொழுந்தனின் மனைவி எட்டு நாள் என் மடியில்தான் படுத்திருந்தாள். அவளுக்கு வேண்டியதையெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். சாப்பிட வைத்தேன், குளிக்க வைத்தேன். “அக்கா, அவரு எதுக்கு அங்க போனாரு? ஒன்பதுல அவருக்கு என்ன வேலை?” என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். உங்கள் அறிக்கையிலும் ‘ஓட்டுநர் தன்னிச்சையாக உள்ளே நுழைந்தார்’ என்றுதான் இருக்கிறது. அதுவும் பதினான்காம் பக்கம்தான். அதையும் அடித்துவிடுங்கள். அவன் அங்கே தன்னிச்சையாகப் போகவில்லை.

வியாழன் ஒன்றே முக்காலுக்கு வயர்லெஸ் கூப்பிட்டது. அலுவலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன், குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தார். வயர்லெஸ் பேச்சு எங்கேயும் பதிவாவதில்லை, அதனால் நான் சொன்னால்தான் உண்டு.

“அண்ணி, எட்டோட மேல் எல்லையில ஒரு கட்டை. பார்த்தீங்களா?”

பார்த்தேன், ஆறிவிட்டது என்றேன்.

“எங்க ஆறிச்சு? கைய வெச்சா சுள்ளுங்குது. வேரு வேற அந்தப் பக்கம் போயிருக்கு.” சிரித்தான். “அண்ணி கண்ணுக்கே தப்பிடுச்சா? இதை வெச்சே ஒரு வருஷம் ஓட்டுவேன் உங்கள. லாரிய மேல கொண்டாந்து ஊத்திடறேன், இருபதே நிமிஷம்.”

அவன் ஊற்றியிருந்தால் தீ இல்லை. தீ இல்லாமல் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நான் வெறுங்கையோடு போயிருக்க வேண்டும். விட்டுவிட்டுக் கீழே வா என்று சொல்லியிருக்கலாம். வந்திருப்பான். ஆனால் அவனுக்கு அந்தக் கட்டை தெரிந்துவிட்டது. அவன் வாய் எப்படிப்பட்டது என்று சொன்னேன் அல்லவா. கெட்ட எண்ணத்தில் இல்லை, வேடிக்கையாகத்தான் சொல்வான், எல்லோரிடமும் சொல்வான்.

“லாரி இருக்கட்டும். நீ ஒன்பதுக்குள்ள நடுவாந்தரம் வரைக்கும் போய், சருகுல ஈரம் எவ்வளவுன்னு பாத்து சொல்லு. நாளைக்கு மீட்டிங்ல காட்டணும்.”

“இப்பவேவா?”

“இப்பவே.”

அந்த எண் எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. ஈரம் அளக்கும் மீட்டர் எப்போதும் அவன் பையில் இருக்கும். ஏன் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

இரண்டு இருபதுக்குச் சரிவின் நடுவிலிருந்து கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

“ஆறு சதவீதம், அண்ணி.” பத்துக்குக் கீழே போனால் எப்படி எரியும் என்று அவனுக்கும் தெரியும். “காத்து வேற திரும்புற மாதிரி இருக்கு. கீழேருந்து புகை வாசனை வருது. எறங்கிடட்டுமா?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் மேல போய், அந்தப் பாறைகிட்ட இன்னொரு தடவ எடு,” என்றேன்.

“சரி, அண்ணி.”

ஒரே ஒரு அளவை நம்பி முடிவுக்கு வருவது எங்கள் தொழிலில் பெரிய தவறு சார்.