ஆவாரையும் கொன்றையும்

ஊரிகம் போகும் ரயிலில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ப் பலகையில் வெற்றிலை, பழம், பூ நிறைந்த தட்டோடு மூன்று பேர்: கல்யாணப் பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டுக்குத் தட்டு மாற்றப் போகிறார்களாம். தாய்மாமன் எங்கள் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர் துரையின் தோட்டக்காரன். அவன் திடீரென்று சொன்னான்:

"மாமா, கல்யாணத்த நிறுத்திடுங்க. ஆவாரையும் கொன்றையும் ஒரே வம்சமாம்!"

"இன்னாடா உளர்றே?"

"துரை செடி புஸ்தகத்துல படத்தோட காட்டினாரு. ரெண்டுக்கும் காஸியான்னு ஒரே குடும்பப் பேரு. நீங்க கும்பிடறது ஆவாரை, அவங்க கும்பிடறது கொன்றை. அப்போ பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி ஆயிட்டாங்களே!"

ஒரே செடியையோ மரத்தையோ குலதெய்வமாகக் கும்பிடும் வீடுகளுக்குள் இவர்கள் பெண் கொடுப்பதில்லை. அதை வெட்டுவதில்லை, தின்பதும் இல்லை. அப்பா பதறி எழுந்துவிட்டார்.

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கித் திரும்பிடலாம்."

அம்மா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"குந்துங்க. ஏண்டா தம்பி, அந்தப் பேருல இன்னும் யார் யாரு கீறாங்க?"

"பொன்னாவரை கீது. தகரையும் கீது."

"தகரையா? காலையில களிக்கு ரெண்டு வாட்டி வாங்கித் துன்னியே, அது இன்னா கீரை?"

தோட்டக்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தகரைக்கீரைதான், அக்கா."

"அப்போ நம்ம பொண்ணு கூடப் பொறந்தவளையா துன்னே, பாவி?"

ரயில் பெட்டியே சிரித்தது. அப்பாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. ஊரிகத்தில் வண்டி நின்றதும் முதலில் எழுந்தவர் அவர்தான்.

"தட்ட எடுடா மச்சான். சம்பந்தி வீட்ல கீரை வெச்சா மட்டும் நீ எலைய வுட்டு எழுந்துடு!"